உண்மையைத்தானே சொன்னேன்!

அரசுடைமை வங்கி ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அந்தக் காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பின்னும் சரி, நம் தில்லித் தமிழன்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வந்த கேள்வி ஒன்று உண்டு. "சார், அந்தப் பையனுக்கு உங்க பாங்க்லதான் சம்பளக் கணக்காம். லோன் கீன் ஏதாவது இருக்கான்னு பார்த்துச் சொல்லக் கூடாதா? பெண்ணைக் கொடுக்கப் போறோம்."

கேட்பவரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருந்தால் நாலு தெரு தள்ளி இருக்கும் யாராவது பையனின் மூன்று தலைமுறைக் கதையையும் சொல்லிவிடுவார்கள். துவாரகாவில் குடியிருக்கும் பையனைப் பற்றி மயூர் விஹாரில் இருப்பவருக்கு யார் சொல்வது? எனவே சங்க விழாக்களில் வங்கிக்காரர், மருத்துவமனைக்காரர், வக்கீல் குமாஸ்தா என்று தேடிப் பிடித்து விசாரிக்கிறார்கள். மறுத்தால் மனவருத்தம் வேறு. "நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? உள்ளதைத்தானே கேட்கிறேன்!" என்பார்கள்.

இந்த வாதத்துக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை வாசக அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அவதூறு வேறு, இரகசியத்தை வெளியிடுவது வேறு. ஒருவரைப் பற்றி நான் சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால், நஷ்டஈடு கேட்கும் அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிடலாம். குற்றவியல் வழக்கென்றால் உண்மையாக இருப்பதோடு பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். எப்படியானாலும் உண்மை அங்கே ஒரு கேடயம். நம்பி ஒப்படைத்த செய்தியை வெளியிட்டதாக வரும் வழக்கிலோ அந்தக் கேடயத்துக்கு வேலையே இல்லை. பொய்யைச் சொல்லியிருந்தால் அது கட்டுக்கதை. உண்மையைச் சொன்னதால்தானே இரகசியம் போயிற்று?

அப்படியானால் ஊர்வம்பு பேசுகிற எல்லோரும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். புறங்கூறாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. எதிர் வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியதை நீங்கள் பால்கனியிலிருந்து பார்த்து நாலு பேரிடம் சொன்னால் சட்டத்துக்கு அதில் அக்கறை கிடையாது. அந்தக் காருக்கு அவர் எத்தனை தவணை பாக்கி வைத்திருக்கிறார் என்பதை வங்கி மேஜையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டு சொன்னால் கதை வேறு. செய்தி உங்கள் கைக்கு எந்த வழியாக வந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

1968இல் இங்கிலாந்தில் மெகாரி என்ற நீதிபதி ஒரு மொபெட் எஞ்சின் வழக்கில் இதை மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கொடுத்தார். நம் நாட்டு நீதிமன்றங்களும் அவற்றைப் பல முறை எடுத்தாண்டிருக்கின்றன. செய்தி உண்மையிலேயே இரகசியத் தன்மை உடையதா, அல்லது ஊரறிந்த விஷயமா? இது வெளியே போகக் கூடாது என்று யாருக்கும் விளங்கக்கூடிய சூழ்நிலையில் அது ஒப்படைக்கப்பட்டதா? ஒப்படைத்தவரின் அனுமதியின்றி, அவருக்குக் கெடுதலாக அது பயன்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கடமை மீறப்பட்டது என்று பொருள்.

இவற்றில் எங்கேயும் கையெழுத்து, ஸ்டாம்ப் பேப்பர் என்ற பேச்சில்லை என்பதைக் கவனியுங்கள். "நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. 1987இல் நம் தில்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. கால்நடைத் தீவனம் வளர்க்கும் யூனிட் ஒன்றைக் கண்டுபிடித்த வெளிநாட்டுக்காரர், அதற்கான பேனல்கள் செய்து வாங்குவதற்காக ஓர் உள்ளூர் நிறுவனத்திடம் வரைபடங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் கொடுத்திருந்தார். சில காலத்தில் அந்த நிறுவனமே அதே மாதிரி யூனிட்டைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. காப்புரிமை ஒருபுறம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்ததை இப்படிப் பயன்படுத்தலாகாது என்று நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. சிறுதொழில் நடத்தும் நம் அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கைமாறி வந்த செய்தியானாலும் கடமை விடாது. 1849இல் நடந்த பழைய வழக்கு ஒன்று சுவையானது. விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட் இளவரசரும் பொழுதுபோக்காகச் செதுக்கிய படத்தகடுகளைப் பிரதி எடுக்க ஓர் அச்சுக்காரரிடம் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆள் தனக்கென்று சில பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டான். அவை கைமாறி ஸ்டிரேஞ்ச் என்பவரிடம் போய்ச் சேர, அவர் கண்காட்சி வைப்பதற்குக் கேட்டலாக் தயாரித்தார். ஸ்டிரேஞ்சுக்கும் இளவரசருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆயினும் கண்காட்சியும் கூடாது, கேட்டலாகும் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நம்பிக்கை மீறி வெளிவந்த சரக்கு என்று தெரிந்தே கை நீட்டி வாங்குபவனையும் அந்தக் கடமை பற்றிக்கொள்கிறது.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். வங்கி இரகசியத்துக்கு ஆதாரமாக இன்றைக்கும் எல்லோரும் சுட்டும் வழக்கு 1923இல் லண்டனில் தீர்ப்பான டூர்னியர் வழக்கு. டூர்னியர் என்பவர் தம் கணக்கில் சுமார் ஒன்பதரை பவுண்டு ஓவர்டிராஃப்ட் வைத்திருந்தார். வாரம் ஒரு பவுண்டு வீதம் கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். அப்போது அவர் ஒரு கம்பெனியில் மூன்று மாத ஒப்பந்தத்தில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்திருந்தார். அவருடைய வீட்டு விலாசம் தேடி வங்கி மானேஜர் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தார். விலாசம் கேட்டதோடு நின்றிருந்தால் வம்பில்லை. "கடன் பாக்கி, கட்டுவதாகச் சொல்லிக் கட்டவில்லை" என்றார். பந்தயம் கட்டுகிறவர் போலிருக்கிறது என்றும் ஒரு வார்த்தை விட்டார். ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி அவரை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தய விஷயம் மானேஜருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இதில் நுட்பம். வேறொரு வாடிக்கையாளர் டூர்னியருக்குக் கொடுத்த செக் ஒன்று டூர்னியரின் கணக்குக்கு வராமல் பந்தயத் தரகர் ஒருவரின் கணக்குக்குப் போயிருந்தது. அதாவது டூர்னியரின் சொந்தக் கணக்கிலிருந்து வந்த தகவலே அல்ல அது. இருந்தும், வங்கித் தொழில் செய்வதால் தெரியவந்த தகவல் எதுவும் இரகசியக் கடமைக்குள் அடக்கம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். கணக்கை மூடிவிட்டாலும் கடமை மூடிக்கொள்ளாது என்பதும் அந்தத் தீர்ப்பில் வந்ததுதான்.

நான்கு சந்தர்ப்பங்களில் மட்டும் வாய் திறக்கலாம் என்று அத்தீர்ப்பு விலக்குக் கொடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்கள் நலனுக்காகச் சொல்லியே தீர வேண்டுமென்றால், வங்கி தன் நலனைக் காத்துக்கொள்ள அவசியமானால் (கடனை வசூலிக்க வழக்குப் போடும்போது பாக்கித் தொகையைச் சொல்லாமல் முடியுமா?); வாடிக்கையாளரே சம்மதித்தால். டூர்னியரின் மானேஜர் விலாசம் தேடியது வங்கியின் நலனுக்காக என்று வாதிடலாம். பந்தயப் பேச்சு எந்த நலனுக்காக? விலக்குக் கிடைத்தாலும், அந்தக் காரியத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பேசலாம். உரியவரிடம் மட்டும்தான் பேசலாம். நடைமுறையில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நம் நாட்டில் அரசுடைமை வங்கிகளுக்கு இது எழுத்திலேயே இருக்கிறது. 1970ஆம் ஆண்டு வங்கிகள் தேசியமயச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வாடிக்கையாளரின் விவகாரங்களைச் சட்டத்துக்கோ வங்கி மரபுக்கோ ஏற்ப அவசியமானால் தவிர வெளியிடக் கூடாது என்கிறது. அதிகாரி முதல் ஊழியர் வரை ஒவ்வொருவரும் வேலையில் சேருமுன் விசுவாசத்துக்கும் இரகசியத்துக்கும் உறுதிமொழி எழுதித்தர வேண்டும். சேர்ந்த நாளில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். அவற்றில் இதுவும் ஒன்று. படித்துப் பார்த்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சட்டம் கட்டாயப்படுத்தும் சந்தர்ப்பங்கள் இப்போது வெகுவாகப் பெருகிவிட்டன. வருமான வரித்துறை கேட்கும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நடவடிக்கை, கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். கடன் விவரம் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும். ஆனால் அதிகாரி வந்து கேட்டாலே பீரோவைத் திறந்துவிட வேண்டும் என்பதில்லை. ஆந்திரத்தில் முத்திரைத்தாள் சட்டத் திருத்தம் ஒன்றின் பேரில் வங்கியில் நுழைந்து ஆவணங்களை ஆராயக் கொடுத்திருந்த அதிகாரத்தை, கனரா வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. தாள்கள் வங்கியின் கையில் இருப்பதாலேயே வாடிக்கையாளரின் அந்தரங்கம் அவரை விட்டுப் போய்விடாது என்றது.

தவணை கட்டாதவரின் புகைப்படத்தைப் பத்திரிகையில் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதில் உயர்நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் போடலாம் என்றது. கல்கத்தா உயர்நீதிமன்றம் 2013இல் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. என் மனம் கல்கத்தா பக்கம்தான். கடன் திரும்பி வர நோட்டீஸ் போதும், முகம் எதற்கு?

மாப்பிள்ளையின் கடனைத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு நான் சொல்லும் வழி மேற்படி நான்காவது விலக்குதான். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை தம் முழு அறிக்கையை எவரும் இலவசமாகப் பெறலாம். பையனிடமே கேளுங்கள், ஜாதகம் பரிமாறிக்கொள்ளும்போது அதையும் பரிமாறிக்கொள்ளலாம். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள். வங்கி ஊழியரின் வேலைக்கு உலை வைக்க மட்டும் கூச்சமில்லையா?

கல்யாணப் பேச்சு என்றதும் நினைவுக்கு வருவது, நம் சட்ட வரலாற்றில் இந்த விஷயத்தைப் பற்றி நடந்த மிகச் சிக்கலான வழக்கு. வழக்குத் தொடுத்தவர் நாகாலாந்து அரசுப் பணியிலிருந்த மருத்துவர். நீதிமன்றம் அவர் பெயரை மறைத்து 'எக்ஸ்' என்றே குறிப்பிட்டது. மருத்துவமனையின் பெயர் 'இசட்'. சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்ட ஒரு நோயாளிக்குத் துணையாக வந்தவர், நோயாளிக்கு இரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதித்தபோது எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அவருக்கு 1995 டிசம்பரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பரிசோதனை முடிவு மருத்துவமனையிலிருந்து வெளியே போயிற்று, கல்யாணம் நின்றது. அதோடு முடியவில்லை. உறவினருக்கும் சமூகத்தாருக்கும் விஷயம் பரவி, ஊரே அவரை ஒதுக்கியது. கோஹிமாவை விட்டு, அதே சென்னையில் வந்து குடியேறி வேலை பார்த்தார்.

மருத்துவமனை தன் கடமையை மீறிவிட்டது, நஷ்டஈடு வேண்டும் என்று கேட்டார். 1998 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், மருத்துவருக்கு இரகசியக் கடமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் அது எல்லையற்றதல்ல என்றது. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு அவருடைய அந்தரங்கத்தைக் காக்கிறதென்றால், அவரை மணக்கவிருந்த பெண்ணின் ஆரோக்கிய வாழ்வையும் அதே பிரிவுதான் காக்கிறது; சொல்லாமல் இருந்திருந்தால் அவள் உயிருக்கே ஆபத்து. ஆகவே கடமை மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. இத்துடன் நில்லாமல், இத்தகைய நோயுள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் எழுதிவிட்டது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் பற்றிய அந்தக் கருத்துகள் அநாவசியமானவை என்று ஒதுக்கியது. பெண்ணின் உறவினரிடம் சொன்னதால் அவர் உரிமை பாதிக்கப்படவில்லை என்ற முடிவை மட்டும் விட்டுவைத்தது.

அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது சரிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மனம் ஒப்பாதது அதற்கடுத்த படி. அந்தப் பெண் ஒருத்திக்குத் தெரிய வேண்டிய செய்தி ஓர் ஊருக்கே தெரிந்தது எப்படி? முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? அந்த மருத்துவரையே உட்கார வைத்து, "நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் சொல்ல நேரும்" என்று சொல்லியிருக்கலாமே! தீர்ப்பு இந்தப் படிகளுக்குள் அதிகம் இறங்கவில்லை.

இறங்கியது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம்தான், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, நம்பிக்கையின் பேரில் தெரியவந்த ஒருவரின் எச்.ஐ.வி. நிலையைப் பொதுவாக அவர் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இன்றி வெளியிடலாகாது. துணைவருக்குச் சொல்ல வழி உண்டு. ஆனால் சொல்லக்கூடியவர் சிகிச்சையோடு நேரடித் தொடர்புள்ள மருத்துவரோ ஆலோசகரோதான். துணைவருக்குக் கணிசமான ஆபத்து இருப்பதாக அவர் நியாயமாக நம்ப வேண்டும். 'நீங்களே சொல்லுங்கள்' என்று நோயாளிக்கு ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டார் என்று தெரிந்த பிறகு, 'நான் சொல்லப் போகிறேன்' என்று நோயாளியிடமே அறிவிக்க வேண்டும். துணைவரிடம் நேரில், ஆலோசனை கூறிய பிறகே சொல்ல வேண்டும். சொன்னால் அடி உதைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாவார் என்று அஞ்ச நியாயம் இருந்தால், முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. துணைவர் என்பதற்கான விளக்கத்தில் மணம் நிச்சயிக்கப்பட்டவர் என்ற சொல் இல்லை. 'எக்ஸ்' வழக்கைப் போன்ற ஒன்று நாளை வந்தால் வக்கீல்களுக்கு வேலை இருக்கிறது.

மற்ற நோய்களுக்கு, 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் வழிகாட்டுகின்றன. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொற்றுநோய் ஆகியவையே விலக்குகள். நோயாளியின் மாமியார் விலக்குப் பட்டியலில் இல்லை!

வக்கீல்களின் பாடு இன்னும் கெடுபிடி. மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் நீதிபதி கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீலோ கட்சிக்காரரின் சம்மதமின்றிக் கோர்ட்டிலேயே வாய் திறக்க அனுமதியில்லை. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132ஆம் பிரிவாக இருக்கிறது. குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சேர்த்துத்தான். சட்டத்திலேயே தந்திருக்கும் உதாரணங்கள் அழகானவை. "நான் கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று கட்சிக்காரர் சொன்னால் அது இரகசியம். "இந்தக் கள்ளப் பத்திரத்தை வைத்து ஒரு சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்றால் அதற்குப் பாதுகாப்பில்லை. செய்து முடித்த தப்பை மறைக்க இடமுண்டு. செய்யப்போகும் தப்புக்கு வக்கீலின் மௌனம் கிடைக்காது.

எப்போது மீறல் ஆகாது என்பதற்கு நம்மவர் அறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை முயன்றபோது சிறை அதிகாரிகள் குறுக்கிட்டார்கள். 1994இல் உச்சநீதிமன்றம், கோர்ட் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவருடைய அனுமதியின்றியே வெளியிடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்கத்தில் தலையிட்டதாகலாம் என்றது. ஊரறிந்த பிறகு அது இரகசியமல்ல என்ற பழைய விதிதான் இது.

இரகசியம் போய்விட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? வங்கியென்றால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். முப்பது நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணமில்லை. மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலிலும், வக்கீல் மீது மாநில பார் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். நஷ்டஈட்டுக்கு சிவில் கோர்ட் இருக்கிறது. செய்தி இன்னும் முழுக்க வெளியாகவில்லை, வெளியாகப் போகிறது என்று துப்புக் கிடைத்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் தடையுத்தரவுக்கு மனுப் போடுங்கள். ஆல்பர்ட் இளவரசர் பிழைத்தது கண்காட்சி திறக்குமுன் போனதால்தான். திறந்த பிறகு போனால் கோர்ட் கொடுக்கக்கூடியது பணம் மட்டுமே.